வெர்னா தேர்ந்தெடுத்த போர்டு

வெர்னா என் அண்ணன் பெண்டாட்டி. அண்ணியாவதற்கு முன்னால் எட்டு வருஷம் என்னோடு ஒரே வகுப்பில் இருந்தவள். அதனால் இன்றைக்கும் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், அவளும் என்னை வாடா போடா என்றுதான் பேசுவாள். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றே காலை ஒடித்துக்கொண்டவள், அறுபத்தாறு வயதில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கம்பியில்லாமல் நாடித் துடிப்பை அனுப்புகிற ஒரு சாதனத்தைச் செய்தாள். ஊரே அதைப் பெருமையாகப் பேசுகிறது. பேசட்டும். ஆனால் நடந்தது முழுக்கத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அதில் ஒருவன் வாயைத் திறந்தால் அவனுக்குத்தான் வெட்கக்கேடு. அந்த ஒருவன் நான்தான், கார்டி. சொல்லித் தொலைக்கிறேன்.

என் அண்ணன் ரெய்னோ நாற்பது வருஷம் மர அறுவை ஆலையில் வேலை பார்த்தவன். போன நவம்பரில் மான் வேட்டை தொடங்கிய மூன்றாம் நாள், காட்டில் ஒரு மரத்தடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் மார்பைப் பிளந்து இதயத்தில் நாலு இடத்தில் ஒட்டுப் போட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் பெண்டாட்டியைக் கேட்டானா, மகளைக் கேட்டானா? இல்லை.

"சவுனாவுக்கு எப்போ போலாம்?" என்றான்.

வேறென்ன கேட்பான்! ஏரியோரத்து இந்தக் கீவினாவில் வந்து குடியேறிய எங்கள் ஜனம் வீட்டைக் கட்டுவதற்கு முன்னால் சவுனாவைத்தான் கட்டியது. சனிக்கிழமை விறகு போட்டுக் கல்லைச் சுடவைத்து, அதில் தண்ணீரை அள்ளி ஊற்றி, மேல் பலகையில் ஏறி அந்த ஆவியில் உட்காராவிட்டால் எங்களுக்கு வாரம் முடிந்த மாதிரியே இருக்காது. டாக்டரும் இந்தப் பக்கத்துக்காரர், நிலைமை தெரிந்தவர். ஜனவரியிலிருந்து போகலாம், ஆனால் பத்து நிமிஷத்துக்கு மேல் கூடாது, வெளியே வந்து நாடி பார்க்கணும், நூற்றிருபதைத் தாண்டினால் அன்றைக்கு அதோடு நிறுத்தணும், எல்லாவற்றுக்கும் மேலே தனியாகப் போகவே கூடாது என்றார். ரெய்னோ எல்லாவற்றுக்கும் பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டினான்.

நானோ பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். குளிர்காலத்தில் என் சனிக்கிழமை என் கையில் இல்லை. வெர்னா கூடப் போனால் என்ன என்றுதானே கேட்கிறீர்கள்? ஒரு தடவை போனாள். ஐந்தாவது நிமிஷம் ரெய்னோ கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டானாம். என்னிடம் போனில் கத்தினான்.

"என் மார்த் தழும்பையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காடா! ஆவி பிடிக்க வந்தாளா, சாவு பாக்க வந்தாளா? இனிமே நான் தனியாத்தான் போவேன். செத்தாலும் பரவால்ல."

செத்தாலும் பரவாயில்லையாம். யாருக்குப் பரவாயில்லை? வெர்னா அன்றைக்குச் சமையலறையில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். அழுது முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, நூலகத்தில் வகுப்பு நடக்கிறதாம், சேரப் போகிறேன் என்றாள்.

"என்ன வகுப்பு?"

"கம்பியில்லாம நாடித் துடிப்பைப் பாக்கற கருவி நாமளே செய்யறதாம். ஆரம்பிக்கறவங்களுக்கு."

"உனக்கு டிவி ரிமோட்டே சரியா அமுக்கத் தெரியாது."

"உனக்கு மட்டும் லாரி ஓட்டத் தெரியுதா? யார் வீட்டுத் தபால் பெட்டியைப் பாத்தாலும் இடிச்சு வெச்சிருக்க. போடா."

செவ்வாய்க்கிழமை வகுப்பு. நடத்தியவள் மர்லீஸ், நூலகத்தில் வேலை பார்ப்பவள், சிகாகோவிலிருந்து வந்து மூன்று வருஷமாகிறது. பழுது பார்க்கிறேன் என்று எதையும் பிரித்துவிடுவாள், திரும்பச் சேர்க்கவும் தெரிந்தவள். முதல் நாள் வெர்னாவைக் கொண்டுபோய் விட்ட நான், வெளியே மைனஸ் குளிரில் நிற்க மனமில்லாமல் உள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். ஏலக்காய் ரொட்டியும் காப்பியும் வைத்திருந்தார்கள் என்பதும் ஒரு காரணம்.

மர்லீஸ் மேசையில் மூன்று மின்சுற்றுப் போர்டுகளை வைத்தாள்.

"இதுக்குள்ள இருக்கற சிப்தான் மைக்ரோகண்ட்ரோலர். சின்ன மூளைன்னு வெச்சுக்கோங்க. தோல்ல படற சென்சார் சொல்றதை இது கணக்குப் போட்டு வெளியே அனுப்பும். எந்தப் போர்டு நல்லதுன்னு என்னைக் கேக்காதீங்க. உங்க வேலைக்கு எது நல்லதுன்னு கேளுங்க."

முதலாவது நீல நிறப் போர்டு. உள்ளங்கை அகலம். இதை வைத்துப் பாடம் படித்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள், எதில் சிக்கினாலும் யாராவது வழி சொல்வார்கள். ஆனால் மர்லீஸ் வைத்திருந்த அந்தப் பழைய மாதிரிக்கு வாய் கிடையாது. கம்பியில்லாமல் பேசவேண்டும் என்றால் தனியாக இன்னொன்றைச் சேர்க்கவேண்டும். இரண்டாவது கறுப்புப் போர்டு. அதற்கு வைஃபை உண்டு. வீட்டு வைஃபை எட்டுகிற இடம் வரைக்கும் உரக்கப் பேசும், விலையும் சல்லிசு. ஆனால் தீனிப் பண்டாரம், சின்ன பேட்டரி என்றால் ஒரே நாளில் தின்று தீர்த்துவிடும். மூன்றாவது கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. புளூடூத்தில் மெதுவாகப் பேசும், முப்பது நாற்பது அடிக்கு மேல் கேட்காது, ஆனால் ஒரு பொட்டு பேட்டரியை வைத்துக்கொண்டு நாள் கணக்கில் ஓட்டும்.

வெர்னா மூன்றையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், காய்கறி வாங்குகிற மாதிரி. சின்னதைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

"ரெய்னோ கையில கடிகாரம் கட்டமாட்டான். சவுனால உலோகம் சுடும், மோதிரத்தைக்கூட நாங்க கழட்டி வெச்சுட்டுத்தான் போவோம். இதைக் கம்பளித் துணியில தெச்சுக் கட்டிவிட்டா கனமே தெரியாது. நான் சவுனா வெளியறையில, துணி மாத்தற இடத்துல, போனை வெச்சுக்கிட்டு உக்காந்துக்குவேன். ஒரு கதவுதானே நடுவுல."

மர்லீஸ் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தாள். சாதனத்தை எங்கே பயன்படுத்துவீர்கள், கட்டடத்துக்கு உள்ளேயா வெளியேயா, அங்கே வெப்பநிலை எப்படி என்று கேள்விகள். வெர்னா என்னிடமும் காட்டினாள். இடம்: உள்ளே. வெப்பநிலை: சாதாரணம். சரியாத்தான் எழுதியிருக்க என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் இரண்டு பேருக்கும் அது பொய்யாகவே தோன்றவில்லை. வெளியே ஏரிக் காற்றில் மூக்கு உறைகிறது, சவுனா உள்ளே இருக்கிறது, எப்போதும் இருக்கிற சூடுதானே இருக்கும்?

ஐந்து வாரம் உட்கார்ந்தாள். ஈயம் பற்றவைக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டாள். புரோகிராமில் ஒரு புள்ளியை விட்டுவிட்டு இரண்டு நாள் தேடினாள். ரெய்னோ பக்கத்தில் வந்து நின்று, "என் நெஞ்சை நாலு டாக்டருங்க அஞ்சு மணி நேரத்துல தெச்சாங்க. நீ ஒரு பையைத் தெக்க அஞ்சு வாரமா?" என்பான். அவள் நிமிர்ந்தே பார்க்கமாட்டாள்.

பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை, நான்கு மணி. அதிசயமாகப் பனி விழவில்லை, நானும் இருந்தேன். ரெய்னோவின் மணிக்கட்டில் கம்பளிப் பட்டையைக் கட்டினாள். போனில் எண்பத்திரண்டு என்று வந்தது. வெர்னா முகத்தைப் பார்க்கவேண்டுமே! கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை. ரெய்னோ உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். எண் நின்றுபோயிற்று.

வெர்னா கதவைத் திறந்தாள். எண் வந்தது. மூடினாள். போயிற்று. திறந்தாள்.

"அடியே, கதவை மூடு! ஆவியெல்லாம் போகுது!" என்று உள்ளேயிருந்து கத்தினான்.

"உன் நாடி வரமாட்டேங்குதுடா பாவி!"

"நான் உசுரோட கத்திக்கிட்டுத்தானே இருக்கேன், அது போதாதா?"

மரச் சுவர்தானே, இவ்வளவா தடுக்கும் என்று நான் சுவரைத் தட்டிப் பார்த்தேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. உள் பலகைக்குப் பின்னால் சூடு வெளியே போகாமல் இருக்க, சுவர், கூரை, கதவு எல்லாவற்றிலும் அலுமினியத் தாளை அடித்திருக்கிறோம். யார் அடித்தது? நானும் ரெய்னோவும், முப்பது வருஷத்துக்கு முன்னால், எங்கள் கையாலேயே. பொட்டலம் கட்டின மாதிரி. அதற்குள்ளேயிருந்து எந்த ரேடியோவும் வாயைத் திறக்க முடியாது. இதில் வகுப்பு முழுக்க ரொட்டி தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்!

ஒன்பதாவது நிமிஷம் ரெய்னோ வெளியே வந்து பட்டையை அவிழ்த்து எறிந்தான். பையைப் பிரித்தால் பேட்டரி அப்பம் மாதிரி உப்பியிருந்தது. வெர்னா அதை இடுக்கியால் எடுத்துப் பனியில் போட்டாள். ரெய்னோ சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மர்லீஸ் கேட்டாள். "உள்ளே எத்தனை டிகிரி இருக்கும்?"

"நூத்தெண்பது. ரெய்னோவுக்கு வயசாயிடுச்சு, முன்னெல்லாம் இருநூறு."

"நூத்தெண்பதா!" மர்லீஸ் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். "நூத்தி ரெண்டு காய்ச்சல்னா நாம டாக்டர்கிட்ட ஓடறோம், அதே கணக்குல நூத்தெண்பதா? சாதாரணம்னு எழுதியிருக்கீங்களே! அந்தச் சூட்டுல பேட்டரி வெடிச்சிருக்கும். ரெய்னோ கையில கட்டியிருந்தீங்களே!"

வெர்னா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். லாரியில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டேன். இறங்கும்போது, "காப்பாத்தறேன்னு கிளம்பி நானே அவன் கையில வெடியைக் கட்டி அனுப்பியிருக்கேன், கார்டி" என்றாள். விட்டுவிடு என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். வெர்னாவிடம் அது எடுபடுமா? பிடித்தால் உடும்புப்பிடி.

அடுத்த வாரம் கறுப்புப் போர்டோடு வந்தாள். எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றி யோசித்திருந்தாள். சூட்டுக்குள்ளே எதுவும் போகவேண்டாம். போர்டு வெளியறைச் சுவரில் மாட்டியிருக்கும், அங்கே பிளக் இருக்கிறது, எவ்வளவு தின்றாலும் தின்னட்டும். வெளியறையில் அலுமினியத் தாள் இல்லை, எண்பது அடி தள்ளியிருக்கிற சமையலறைக்கு வைஃபை எட்டுகிறது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெய்னோ வெளியே வந்து சென்சாரில் விரலை வைக்கவேண்டும். எண் சமையலறைப் போனுக்கு வரும். பன்னிரண்டு நிமிஷத்துக்குள் எதுவுமே வராவிட்டால் மணி அடிக்கும், வெர்னா ஓடுவாள்.

"நாடி வந்தா என்ன நம்பர்னு பாக்கறது ஒண்ணு. வரலேன்னா அதுவே சேதிதான். அதை யோசிக்காம விட்டுட்டேன் பாரு," என்றாள். மர்லீஸ் இதைக் கேட்டுவிட்டு, பெரிய கம்பெனிகளில் இதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு யோசிக்கிறார்கள் என்றாளாம்.

ரெய்னோவிடம் சொன்னபோது, "ஆலைல நாப்பது வருஷம் வந்ததுக்கும் போனதுக்கும் கார்டு குத்தினேன். ரிட்டையராகியும் குத்தணுமா?" என்று முனகினான். ஆனால் பேட்டரி உப்பிய அன்றைக்கு அவள் முகத்தை அவனும் பார்த்திருந்தான். சரி என்றான்.

ஆறு சனிக்கிழமை ஒழுங்காக நடந்தது. நூற்று நாலு, நூற்றெட்டு, நூற்றொன்று. வெர்னா நோட்டில் எழுதி வைத்தாள். ரெய்னோவுக்கு முகத்தில் ரத்தம் ஏறிற்று, பழைய கேலி திரும்பி வந்தது. வெர்னாவும் வாரத்தில் ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்குகிறேன் என்றாள்.

ஏப்ரலில் பனி குறைந்து எனக்குச் சனிக்கிழமை ஓய்வு கிடைத்தது. அண்ணனும் தம்பியுமாக மேல் பலகையில் உட்கார்ந்தோம். எத்தனை மாதத்துக்குப் பிறகு! முதல் சுற்று முடிந்து ரெய்னோ ஒழுங்காகப் போய் விரலை வைத்துவிட்டுத் திரும்பினான். எனக்குப் போதும் என்று தோன்றியது. வெளியறைக்கு வந்து, ஜன்னலைத் திறந்து வைத்து, ஒரு பீரை உடைத்துக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கார்டி! மணி ஆச்சா?"

"பத்து ஆச்சு. வா."

"இப்பத்தான்டா கல்லு பதமா இருக்கு. இன்னும் ஒரு பத்து நிமிஷம். நீ ஒரு விரலை வெச்சுடேன்."

"வெர்னா கொன்னுடுவா."

"அவளுக்கு எப்படித் தெரியும்? விரலுக்கு முகமா இருக்கு?"

நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது, ஆனால் அன்றைக்குச் சிரித்தேன். சின்ன வயதிலிருந்து அவன் செய்கிற திருட்டுத்தனத்துக்கெல்லாம் நான்தான் காவல். பழக்கம். வலது கையில் பீரைப் பிடித்துக்கொண்டு இடது கை விரலை வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. எண் போய்விட்டது.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. வெர்னா காலில் வெறும் சாக்ஸோடு, ஈரப் பனியில் ஓடி வந்தாள். கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள், பீரைப் பார்த்தாள்.

"அறுபத்தாறு!" என்றாள். "நூத்தெண்பது டிகிரில உக்காந்து வந்தவனுக்கு அறுபத்தாறா? யார் விரல்டா இது?"

பதிலுக்கு நிற்கவில்லை. உள் கதவை இழுத்தாள். ரெய்னோ மேல் பலகையில் இல்லை. கீழ்ப் பலகைக்குச் சரிந்து, தலை சுவரில் சாய்ந்து, வாய் திறந்திருந்தது. முகம் சாம்பல் நிறம். அடுப்புக் கல் அவன் கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில். நான் தோளைப் பிடித்தேன், அவள் காலைப் பிடித்தாள். அவ்வளவு கனமான மனிதனை அவள் எப்படித் தூக்கினாள் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வெளியறைத் தரையில் படுக்கவைத்து, காலை விறகுக் கட்டைமேல் தூக்கி வைத்து, கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு அவள் எண்ணினாள். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வர இருபது நிமிஷம் ஆயிற்று. இருபது நிமிஷமும் அவள் என் பக்கம் திரும்பவேயில்லை.

பிழைத்துக்கொண்டான். ரத்த அழுத்தம் விழுந்து, துடிப்பும் தாறுமாறாகியிருந்ததாம். தோள்பட்டைக்குக் கீழே ஒரு பேஸ்மேக்கரைப் பதித்து அனுப்பினார்கள். இன்னும் ஐந்து நிமிஷம் உள்ளே இருந்திருந்தால் இதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்றார் டாக்டர். அந்த எண் பன்னிரண்டு நிமிஷத்துக்குள் போயிருந்ததால் மணி அடிக்கவில்லை. அதாவது, நான் விரலை வைக்காமல் சும்மா இருந்திருந்தாலே மணி அடித்திருக்கும். புரிகிறதா? அவள் செய்ததில் கெட்டுப்போனது ஒன்றுமில்லை. கெட்டது நான்.

மே மாதம் முழுக்க வெர்னா என்னோடு பேசவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. நான் போனால் காப்பியை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். ரெய்னோ மட்டும், "நான்தானே கேட்டேன், அவனை ஏன்டி?" என்று சத்தம் போட்டான். "நீ நோயாளி. அவன் என்ன?" என்று அங்கிருந்தே கேட்டாள். காப்பியைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் மாதம், டாக்டர் மறுபடியும் சவுனாவுக்குச் சரி சொன்ன வாரம், வெர்னா எனக்குப் போன் செய்தாள்.

"வா. ஒண்ணு காட்டணும்."

சமையலறை மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. புரோகிராமில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தாள். வருகிற எண் ஓர் அளவுக்குக் கீழே இருந்தால், வராததற்கு அடிக்கிற அதே மணி உடனே அடிக்கும். அந்த அளவு தொண்ணூறு. புரோகிராமில் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பேர் வைக்கவேண்டுமாம். இதற்கு அவள் வைத்த பேர் என் பேர். கார்டி. பெரிய எழுத்தில்.

"என்ன இது?"

"பேரைப் பாத்ததும் எதுக்குன்னு ஞாபகம் வர்ற மாதிரி வைக்கணும்னு மர்லீஸ் சொன்னா. எனக்கு ஞாபகம் வருது."

காது மடல் எரிந்தது. மாற்றிவிடு என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பின்னால் பக்கத்து அறையில் ரெய்னோ பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"தொண்ணூறு பத்தாது," என்றேன்.

"ஏன்?"

"ஒரு மாசமா சனிக்கிழமை ஆனா என் வீட்டு சவுனால உக்காந்து எண்ணிப் பாக்கறேன். வெளிய வந்து அஞ்சு நிமிஷம் கழிச்சும் சில நாள் எனக்குத் தொண்ணூத்தி மூணு வருது. தொண்ணூத்தஞ்சு வை. இல்லேன்னா நான் மறுபடியும் ஏமாத்திட முடியும்."

வெர்னா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள். இரண்டு மாதத்தில் அன்றைக்குத்தான் என் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தொண்ணூறை அழித்துவிட்டுத் தொண்ணூற்றைந்து என்று அடித்தாள். பேரை மாற்றவில்லை. நானும் கேட்கவில்லை.